திருப்பாதே

மழை ஓய்ந்தால் மக்கள் வெளியே வந்து
வானத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் ஊர்,
வட வேல்ஸில்.
ஸ்லேட் சரிந்த என் கொட்டகையில்
மூன்று குளிர்காலமாக நிற்கிறது
எண்பத்தெட்டாம் வருடத்துப் பூஜோ.
சிவப்பு என்கிறது பதிவுப் புத்தகம்.
கூரை வெளிறி ரோஜா நிறம்,
சக்கர வளைவில் தொட்டால் உதிரும் பிஸ்கட்.
உள்ளே தரைவிரிப்பு மட்டும்
இன்னும் வெட்கமில்லாத சிவப்பு.

பகலில் பள்ளிச் சமையலறை,
இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு.
மாலையில் அதே கையில் ஸ்பேனர்.

கிளட்ச் போயிருந்தது.
மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது:
வாய் உண்டு, கால் இல்லை.
பழுதுப் புத்தகத்தில் ஒரு வரி,
‘கியர்பாக்ஸை இறக்க இன்னொருவர் உதவி தேவை.’
பக்கத்து வீட்டு எமிருக்கு முதுகு சரியில்லை.
தம்பி லிவர்பூலில்.
விவாகரத்துத் தாள் வந்து நாலு வருடம்,
எண் மட்டும் விரலுக்கு மறக்கவில்லை.

யெஸ்டின் வந்தான், சொந்த ஜாக்கோடு.
மல்லாந்து படுத்து மார்பில் வாங்கினான் பாரத்தை.
‘ஆட்டு.’
‘ஆட்டறேன்.’
‘உன் பக்கம்.’
‘எது என் பக்கம்?’
சண்டையில்லாமல் அரைமணி நேரம்
நாங்கள் இப்படிப் பேசியதே இல்லை.

புதுத் தட்டை நடுவில் நிறுத்த
துடைப்பக் கம்பில் டேப் சுற்றினேன்.
‘சுத்தற ரெண்டைப் பிரிக்கவும் சேர்க்கவும்
ஒரு தட்டு போதும், பாரேன்,’ என்று ஆரம்பித்தான்.
‘அந்த டார்க் ரெஞ்சை எடு,’ என்றேன்.

கழற்றியதுதான் கழற்றினோம் என்று
இன்ஜின் தலையையும் கழற்றினேன்.
இந்த இன்ஜினில் ஒரு சூட்சுமம்:
நான்கு லைனர்களும் தண்ணீருக்குள்
சும்மா குந்தியிருக்கின்றன,
அழுத்திப் பிடிப்பது தலை ஒன்றுதான்.
அது இல்லாத நேரம் கிராங்கைச் சுழற்றினால்
பிஸ்டனோடு லைனரும் எழும்,
அடியில் சீல் விட்டுப்போகும்,
அப்புறம் எண்ணெயில் தண்ணீர்.
இறுக்கிவைக்கப் போல்ட்டும் வாஷரும் நாளை வாங்கலாம்.
அதுவரை ஓர் அட்டை, கரிக்கோலில்:
திருப்பாதே.

மறுநாள் பதினொன்றே கால்.
கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன்.
‘மெரெரிட், திருப்பிட்டேன்.’
நான் பேசவில்லை.
‘டைமிங் குறி பார்க்கலாம்னு. மூணாவது எழுந்துடுச்சு.
அரை மில்லிமீட்டர் இருக்கும்.’
‘அட்டையைப் பார்க்கலையா?’
‘பார்த்தேன். எண்ணெய் பட்டு ஓர் எழுத்து அழிஞ்சிருந்தது.
திரும்பாதேன்னு படிச்சேன்.
எனக்குத்தான்னு நினைச்சேன்.’

பதினோரு வருடம் அவன் மனைவி.
வங்கிக் கடிதத்தை நான்தான் கண்டெடுத்தேன்.
பாங்கரில் அந்த வாடகை அறையையும்.
நான் கண்டுபிடிக்கும் முன்னே
அவன் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.
அரை மில்லிமீட்டர் வந்தது.

மிச்சக் கேரட்டை நறுக்கி முடித்தேன்.

இன்ஜின் முழுசாக வெளியேறியது.
சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்து
நான்கு லைனர்கள், சாக்பீஸ் எண்களோடு.
எட்டு ஞாயிறு.
ஆறுக்கு வந்தான்.
வராத இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் பற்றியது.
இரண்டு தும்மல், ஒரு நீலப் புகை,
பிறகு எமிரின் நாய் குரைக்கும் அளவுக்கு.
அளவுகோலைத் துடைத்து, முக்கி,
வெளிச்சத்தில் பிடித்தேன்:
பால் நிறம் இல்லை. தேன்.

தகுதிச் சோதனைக்குக் கணவாய் வழி போனோம்.
இந்த வண்டியின் குணம் ஊருக்கே தெரியும்,
வளைவில் பயந்து காலை எடுத்தால்
பின்பக்கம் முன்னே வந்து உன்னை விசாரிக்கும்.
இரண்டாம் வளைவில் ஆடுகள் சாலை ஓரம்.
கதவுப் பிடியில் அவன் விரல்கள் வெளுத்தன.
‘எடுக்காதே,’ என்றான் மெதுவாக.
முன்வைத்த காலைப்
பின்வைக்கவில்லை நான்.

சோதனையில் தோற்றது வண்டி.
பின்னால் நம்பர் பலகை விளக்கு எரியவில்லையாம்.
‘பல்பு இருக்கு,’ என்று
சட்டைப் பையைத் தடவினான் யெஸ்டின்.
இரண்டு இருந்தது.